வீட்டுக் கணினியில் மிரர் டிஸ்க் போட்டதும், அது கெட்டால் எனக்குச் சொல்ல வைத்ததும்

இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மிரர் போட்டு, அதாவது ஒரே டேட்டாவை இரண்டிலும் எழுதும்படி வைத்தால் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும், இது எல்லாருக்கும் தெரியும். ஒன்று போய்விட்டது என்பது நமக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. மிரரின் வேலையே ஒரு டிஸ்க் செத்ததை நாம் உணராமல் சமாளிப்பதுதானே: படம் திறக்கும், வீடியோ ஓடும், காப்பி ஆகும், வேகம்கூடப் பெரிதாகக் குறையாது. எங்கள் பகுதியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் மேசைக்கு அடியில் இரண்டு டிஸ்க் போட்ட பெட்டி வைத்திருந்தார், அதன் சிவப்பு விளக்கு சுவரைப் பார்த்தபடி இருந்தது. ஒருநாள் எல்லாம் மொத்தமாகப் போன பிறகு லாகை (நடந்ததைக் கணினி குறித்து வைக்கும் கோப்பு) திறந்து பார்த்தால், முதல் டிஸ்க் போய் ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் அவர் ஒற்றை டிஸ்க்கில்தான் வேலை செய்திருக்கிறார். எத்தனை வீட்டுக் கல்யாணம் அதில் போனதோ, கேட்கவே மனசு வரவில்லை.

அதனால் வீட்டில் மிரர் போடலாம் என்று உட்கார்ந்தபோதே ஒன்று முடிவு செய்துகொண்டேன்: டிஸ்க்கை இணைப்பது பாதி வேலை, அது கெட்டால் என் போனுக்குச் செய்தி வந்து சேர்வது மீதிப் பாதி. இரண்டாவது பாதியைச் சோதித்துப் பார்க்காமல் ஒரு படத்தைக்கூட அதில் போடுவதில்லை. இந்தப் பதிவும் அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் அதிகம் பேசும். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நகலெடுத்து ஒட்டும் வகைப் பதிவு இல்லை இது, அதெல்லாம் லினக்ஸோடு வரும் கையேடான மேன் பக்கங்களில் சுத்தமாக இருக்கிறது. எதை எதற்காகச் செய்தேன், செய்தபோது திரையில் என்ன வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

வீடு மதுரையில். பழைய டெஸ்க்டாப், 8 ஜிபி ராம், டெபியன் 12 என்கிற லினக்ஸ். சிஸ்டம் தனி எஸ்எஸ்டியில் இருக்கிறது, அது போனால் மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம் என்பதால் அதற்கு மிரர் இல்லை. மிரர் வேண்டியது டேட்டாவுக்கு: அப்பா காலத்து ஆல்பங்களை ஸ்கேன் செய்தது, பாட்டி பேசப் பேசப் பதிவு செய்து வைத்த ஆடியோ, பிள்ளைகளின் வீடியோ, நிலப் பத்திரங்களின் நகல்கள். இதில் பாதிக்கு மேல் இன்னொரு தடவை உருவாக்கவே முடியாதவை.

டிஸ்க் வாங்கும்போது கவனிக்க வேண்டியது முக்கியமாக இரண்டு. ஒன்று, இரண்டையும் ஒரே கடையில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே பேட்ச்சில் வந்த டிஸ்க்குகள் ஒரே மாதிரி குறையோடு வந்திருக்கலாம், ஒரே மாதிரி உழைத்து அடுத்தடுத்துப் போகவும் வாய்ப்பு உண்டு. நான் ஒன்றைச் சென்னை போயிருந்தபோது ரிச்சி தெருவில் வாங்கினேன், இன்னொன்றை வேறு கம்பெனியாகப் பார்த்து ஆன்லைனில். இரண்டும் 4 டிபி. இரண்டாவது, எஸ்எம்ஆர் டிஸ்க் வேண்டாம். அதில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமென்றால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்தே எழுத வேண்டிவரும், இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைகளில் வேகம் படுத்துவிடும். 2020இல் என்ஏஎஸ்ஸுக்கென்றே (நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் டிஸ்க் பெட்டி) விற்ற சில மாடல்களில் சொல்லாமல் எஸ்எம்ஆர் வைத்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகு கம்பெனிகளே மாடல் வாரியாகப் பட்டியல் போட்டுவிட்டன. சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இருக்கிறதா என்று அந்தப் பட்டியலில் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரரைக் கேட்டால் பெரும்பாலும் தெரிவதில்லை.

டிஸ்க் வந்ததும் கேபினெட்டில் போடுவதற்கு முன்னால் இரண்டின் சீரியல் நம்பரையும் வெள்ளை டேப்பில் பெரிதாக எழுதி, மாட்டிய பிறகும் கண்ணுக்குத் தெரிகிற ஓரத்தில் ஒட்டினேன். இது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் பின்னால் உயிர் காப்பது இதுதான். லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்கிற பெயர்கள் நிலையானவை இல்லை. ஒரு பென் டிரைவைச் செருகி பூட் செய்தால்கூட வரிசை மாறலாம். ஒரு டிஸ்க் செத்த நாளில், எது செத்தது என்று தெரியாமல் நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிடுவதுதான் மிரரில் நடக்கும் மிகக் கொடுமையான விபத்து. டெவ் அடைவுக்குள் டிஸ்க் என்றும் அதற்குள் பை-ஐடி என்றும் ஒரு அடைவு இருக்கும், அதில் எந்தச் சீரியல் நம்பர் இப்போது எந்தப் பெயரில் இருக்கிறது என்று காட்டும். அதையும் டேப்பையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரை எடுக்க வேண்டும்.

புது டிஸ்க்தானே என்று நம்பிவிடாமல் இரண்டுக்கும் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே கண்காணித்துச் சொல்லும் வசதி) லாங் டெஸ்ட் ஓட்டினேன். ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் லாங் என்று சொன்னால் டிஸ்க் தானே தன் முழுப் பரப்பையும் வாசித்துப் பார்க்கும். 4 டிபிக்கு ஒரு இரவு முழுக்க ஆகும், கணினி ஓடிக்கொண்டிருந்தால் போதும். இரண்டும் பிழையில்லாமல் முடிந்தன.

எந்த வழியில் மிரர் போடுவது என்பதில் கொஞ்சம் யோசித்தேன். மதர்போர்டு பயாஸிலேயே ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் முறை, மிரர் அதில் ஒரு வகை) என்று ஒரு விருப்பம் இருக்கிறது, அது வேண்டாம். உள்ளே வேலையைச் செய்வது பெரும்பாலும் சாஃப்ட்வேர்தான், ஆனால் அந்தப் போர்டு போனால் அதே வகை போர்டைத் தேடி அலைய வேண்டியிருக்கலாம். யுஎஸ்பியில் செருகும் இரட்டை டிஸ்க் பெட்டிகளில் பல, உள்ளே இருக்கும் டிஸ்க்கின் ஸ்மார்ட் விவரங்களை வெளியே காட்டுவதில்லை, கண்காணிக்க முடியாத மிரர் எனக்குத் தேவையில்லை. இசட்எஃப்எஸ் என்கிற ஃபைல் சிஸ்டம் நல்ல ஏற்பாடு, ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் (டேட்டா மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்திருப்பதால் இரண்டு நகலில் எது சரி என்று அதற்குத் தெரியும், அந்த ஒரு விஷயத்தில் அதை அடிக்க ஆளில்லை. நான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கும் எம்டி ரெய்டை எடுத்துக்கொண்டேன், அதைக் கையாளும் எம்டிஅட்ம் கருவியோடு. 2001இல் நீல் பிரவுன் எழுதத் தொடங்கியது, இத்தனை வருஷம் அடிபட்டுத் தேறிய கருவி. மிரரில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய் எந்த லினக்ஸ் கணினியில் மாட்டினாலும் படிக்கலாம், எனக்கு அது போதும்.

இனி போட்ட விதம். இரண்டு டிஸ்க்கிலும் ஜிபிடி (பார்டிஷன் பட்டியல் எழுதும் ஒரு வகை) முறையில் ஒரே ஒரு பார்டிஷன், கடைசியில் ஒரு ஜிபி அளவு காலியாக விட்டேன். 4 டிபி டிஸ்க் என்றால் வழக்கமாக 7,814,037,168 செக்டார் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னத் துண்டு) வரும், ஆனால் நாளைக்கு மாற்று டிஸ்க்காக வருவது ஒரு செக்டார் குறைந்திருந்தாலும் எம்டி அதைச் சேர்த்துக்கொள்ளாது. ஒரு ஜிபியை இழப்பதில் ஒன்றும் இல்லை. அப்புறம் எம்டிஅட்மில் கிரியேட், லெவல் 1 (அதாவது மிரர்), டிவைஸ் 2 என்று கொடுத்தேன். மெட்டாடேட்டா (மிரரைப் பற்றிய விவரக் குறிப்பு) ஆரம்பத்தில் இருக்கும், பூட் செய்யும் டிஸ்க்குக்குச் சரிவராமல் போகலாம், தொடரலாமா என்று ஒரு எச்சரிக்கை கேட்டது. இது 1.2 வகை மெட்டாடேட்டா, பார்டிஷன் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்காரும். நமக்கு இதில் பூட் இல்லை என்பதால் சரி என்று சொல்லிவிடலாம்.

உடனே ப்ராக் அடைவில் எம்டிஸ்டாட் என்கிற கோப்பைத் திறந்து பாருங்கள். இந்தக் கோப்புதான் இனிமேல் உங்கள் மிரரின் நாடி. எம்டி0, ஆக்டிவ், ரெய்டு1 என்று ஒரு வரி. அதற்குக் கீழே சதுர அடைப்புக்குள் [2/2], பக்கத்தில் [யுயு]. ஒவ்வொரு யுவும் உயிரோடு இருக்கும் ஒரு டிஸ்க். ஒன்று போனால் [2/1] என்றும் [யு_] என்றும் மாறும், அந்த அடிக்கோடு இருக்கும் இடம் செத்த டிஸ்க்கின் இடம். அதற்கும் கீழே ரீசிங்க் (இரண்டு டிஸ்க்கையும் ஒன்றுபோல ஆக்குவது) எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை நிமிஷம், நொடிக்கு எத்தனை கேபி என்று ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் நொடிக்கு 170 எம்பிக்கு மேல் போனது, முடியும்போது கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. பயப்பட வேண்டாம், டிஸ்க்கின் வெளி வட்டத்தில் ஒரு சுற்றுக்கு அதிக டேட்டா இருக்கும், உள்ளே போகப் போகக் குறையும். ரீசிங்க் ஓடும்போதே டிஸ்க்கைப் பயன்படுத்தலாம், ஆனால் நான் முடியும்வரை தொடவில்லை.

மிரருக்கு மேலே லக்ஸ் என்க்ரிப்ஷன் (டேட்டாவைப் பூட்டி வைப்பது), அதற்கு மேலே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். வீட்டுக் கணினிக்கு எதற்குப் பூட்டு என்று தம்பி கேட்டான். மிரரில் ஒவ்வொரு டிஸ்க்கும் முழு நகல் என்பதை நினைத்துப் பாருங்கள். வாரண்டியில் ஒன்றைத் திருப்பி அனுப்பும்போது வீட்டுப் படங்கள், பத்திரங்கள் அத்தனையும் முழுசாக அந்த டிஸ்க்கோடு போகும். செத்த டிஸ்க்கை அழிக்கவும் முடியாது. முதலிலேயே பூட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. சாவிக் கோப்பு எஸ்எஸ்டியில், பாஸ்பிரேஸ் காகிதத்தில், பூட்டைத் திறக்கத் தேவையான விவரம் இருக்கும் லக்ஸ் ஹெடரின் நகல் ஒன்று வெளி டிஸ்க்கில். இந்த ஹெடர் கெட்டால் மிரரில் இரண்டு நகல் இருந்தும் பயனில்லை, இரண்டிலும் ஒரே கெட்ட ஹெடர்தான் இருக்கும்.

அப்புறம், மிரரின் விவரத்தை எம்டிஅட்ம் கான்ஃப் என்கிற அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, பூட்டின் தொடக்கத்தில் ஓடும் சின்ன சிஸ்டமான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இதை விட்டால் அடுத்த பூட்டில் எம்டி0 என்று வைத்தது எம்டி127 என்று வந்து நிற்கும். பூட்டில் எந்த டிஸ்க்கைத் திறப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நோஃபெயில் என்று சேர்த்துவிடுவதும் நல்லது, இல்லையென்றால் மிரர் வராத நாளில் கணினியே எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், வீட்டில் வேறு யாரும் அதைத் தாண்டி வர முடியாது.

இதுவரைக்கும் ஒரு மாலை வேலை. இனிமேல்தான் விஷயம்.

எம்டிஅட்ம் தன் மானிட்டர் முறையில் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும், டெபியனில் அது தானாகவே வந்துவிடுகிறது. டிஸ்க் விழுந்தால் ஃபெயில் என்று ஒரு நிகழ்வு, குறைந்த டிஸ்க்கோடு மிரர் ஓடினால் டிகிரேடட் அரே என்று ஒரு நிகழ்வு. இதை எல்லாம் அது ரூட் பயனருக்கு (கணினியின் நிர்வாகிக் கணக்கு) மெயிலாக அனுப்பும். இந்த இடத்தில்தான் பலருடைய மிரர் ஊமையாகிவிடுகிறது. ரூட்டுக்கு வரும் மெயில் வீட்டுக் கணினியில் எங்கே போகிறது? வார் அடைவுக்குள் மெயில் என்ற ஒரு மூலையில் கோப்பாகச் சேர்ந்துகொண்டே இருக்கும், யாரும் திறப்பதில்லை. மெயில் அனுப்பும் மென்பொருளே இல்லாத கணினியில் அந்த மெயில் எங்கேயும் போகாது. மிரர் கதறிக்கொண்டிருக்கும், வீட்டில் ஒருத்தருக்கும் கேட்காது.

நான் இரண்டு வழி வைத்தேன். மெயிலுக்கு எம்எஸ்எம்டிபி என்கிற சின்ன மென்பொருள், ஜிமெயிலில் தனி ஆப் பாஸ்வேர்டு எடுத்து அதில் கொடுத்தேன். கூடவே, எம்டிஅட்ம் கான்ஃபில் ப்ரோக்ராம் என்று ஒரு வரி சேர்க்கலாம், எந்த நிகழ்வு வந்தாலும் அந்த ஸ்கிரிப்டை ஓட்டி நிகழ்வின் பெயர், மிரரின் பெயர், டிஸ்க்கின் பெயர் மூன்றையும் கையில் கொடுக்கும். என் ஸ்கிரிப்ட் அதை வாங்கி, சீரியல் நம்பரையும் சேர்த்து, டெலிகிராம் பாட் வழியாக எனக்கும் தம்பிக்கும் அனுப்பும், கணினியின் ஸ்பீக்கரில் நீளமாக ஒரு பீப்பும் அடிக்கும். பீப் எதற்கு என்றால், நெட் இல்லாத நாளில் டெலிகிராமும் மெயிலும் சேர்ந்தே படுத்துவிடும். அம்மாவிடம் இந்தச் சத்தம் வந்தால் போன் பண்ணுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஒரு தடவை அடித்தும் காட்டினேன்.

ஒன்ஷாட், டெஸ்ட் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து மானிட்டரை ஓட்டினால் ஒவ்வொரு மிரருக்கும் ஒரு டெஸ்ட் மெசேஜ் வரும். வந்தது. ஆனால் இதில் நிற்கக் கூடாது. டெஸ்ட் மெசேஜ் வருவது அனுப்பும் பாதை சரி என்று மட்டும்தான் சொல்லும்.

நிஜமாக ஒரு டிஸ்க் போனால் என்ன நடக்கும் என்று பார்க்க, மதிப்பில்லாத சில கோப்புகளை மட்டும் மிரரில் போட்டுவிட்டு ஒத்திகை பார்த்தேன். முதலில் மென்பொருள் வழி: எம்டிஅட்மிடம் இந்த டிஸ்க் ஃபெயில் என்று சொன்னேன். போன் சில நொடிகளில் அதிர்ந்தது, எம்டிஸ்டாட்டில் டிஸ்க் பெயருக்குப் பக்கத்தில் எஃப் என்ற எழுத்து, கீழே [யு_]. வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு ஃப்ரேம்கூட நிற்கவில்லை. அப்புறம் நிஜ ஒத்திகை: கணினியை அணைத்து, ஒரு டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை உருவிவிட்டு மறுபடி பூட். மிரர் உடனே வரவில்லை, இன்னொரு டிஸ்க் வரும் என்று சுமார் 30 நொடி காத்திருந்து, வராததால் ஒன்றோடு எழுந்தது. டிகிரேடட் அரே என்று செய்தியும் வந்தது. மறுநாளும் அதே செய்தி வந்தது, ஏனென்றால் டெபியன் தினம் ஒரு தடவை குறைபட்ட மிரரைத் தேடிச் சொல்கிறது. ஒரு தடவை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிற அறிவிப்பைவிட இது எவ்வளவோ மேல்.

கேபிளைத் திரும்பச் செருகினால் டிஸ்க் தானாகச் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், நாம்தான் ரீ-ஆட் சொல்ல வேண்டும். பிட்மேப் என்று ஒரு சின்னக் குறிப்பேடு மிரரிலேயே இருக்கும், எந்தப் பகுதிகள் மாறின என்று அதில் குறித்து வைத்திருப்பதால் 4 டிபியையும் எழுதாமல் மாறிய பகுதியை மட்டும் எழுதி கொஞ்ச நேரத்தில் [யுயு] ஆகிவிட்டது. கரண்ட் போய் மிரர் பாதியில் நின்ற நாளிலும் இந்தப் பிட்மேப்தான் முழு ரீசிங்க்கைத் தவிர்க்கும். ஒத்திகையில் ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: இன்று இந்த டிஸ்க்கை மட்டும் மாட்டி பூட் செய்து எழுதுவது, நாளை அந்த டிஸ்க்கை மட்டும் மாட்டி எழுதுவது. இரண்டும் தனித்தனிக் கதையாகப் பிரிந்துவிடும், அப்புறம் எது உண்மை என்று எம்டிக்கும் தெரியாது.

டிஸ்க் செத்த பிறகு சொல்வது ஒரு வகை, சாகப்போகிறது என்று முன்னால் சொல்வது இன்னொரு வகை. அதற்கு ஸ்மார்ட்டிடி, ஸ்மார்ட் விவரங்களைப் பின்னணியில் கவனித்துக்கொண்டே இருக்கும் மென்பொருள். தினம் ராத்திரி ஒரு ஷார்ட் டெஸ்ட், வாரம் ஒரு தடவை சனிக்கிழமை லாங் டெஸ்ட் என்று அதன் கான்ஃபில் எழுதியிருக்கிறேன். ஸ்மார்ட் பட்டியலில் வரிசையாக நிறைய எண் வரும், எல்லாவற்றையும் பார்த்துக் குழம்ப வேண்டாம். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடத்துக்கு நகர்த்திய செக்டார். 197 என்பது வாசிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார். 198 டிஸ்க் தன் சோதனையில் திருத்த முடியாதவை. 187 கணினிக்கே பிழை என்று சொல்லப்பட்டவை, இது எல்லா டிஸ்க்கிலும் இருக்காது. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும், அதிலிருந்து ஏற ஆரம்பித்தால் மாற்று டிஸ்க்குக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். ஸ்மார்ட்டை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. கூகுள் 2007இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து எழுதிய ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு பிழை வராத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று வந்தது. அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நாலு ஸ்மார்ட் எண்களில் ஒன்றில்கூட அசைவு காட்டாமல் செத்திருந்தன. அறிகுறி வந்தால் நிச்சயம் கவனிக்க வேண்டும், வரவில்லை என்பதால் நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. அதனால்தான் மிரரும் வேண்டும், ஸ்மார்ட்டும் வேண்டும்.

மேலே சொன்னதில் சேராத ஒரு எண் 199. ஒரு மழைக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை அறிக்கையில் ஒரு டிஸ்க்கின் 199 கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்தது, 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 என்பது சிஆர்சி பிழை, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் டேட்டா கெட்டுப் போவது. அப்படியென்றால் சந்தேகம் முதலில் கேபிள் மேல் போக வேண்டும், டிஸ்க் மேல் இல்லை. கேபினெட்டைத் திறந்தால் சாட்டா கேபிள் பக்கவாட்டு மூடியில் இடித்து மடங்கி இருந்தது, கொக்கி இல்லாத மலிவு ரகக் கேபிள். ஸ்டீல் கொக்கி உள்ள கேபிளை மாற்றினேன், எண் ஏறுவது அத்தோடு நின்றது. இந்த எண் குறையாது, பூஜ்யத்துக்கும் திரும்பாது, அதனால் எத்தனை என்பதைவிட போன வாரத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கியிருந்தால் சில ஆயிரம் வீண், பிழையும் அப்படியே தொடர்ந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். கெட்டால் மட்டும் செய்தி வரும் என்று வைத்தால், செய்தி வராததற்கு எல்லாம் நலம் என்றும் அர்த்தம், கணினியோ ஸ்கிரிப்டோ பாஸ்வேர்டோ செத்துவிட்டது என்றும் அர்த்தம். இரண்டையும் பிரிக்க வழியே இல்லை. அதனால் வாரம் ஒரு தடவை காலையில் எம்டிஸ்டாட் வரி, ஐந்து ஸ்மார்ட் எண்கள், டிஸ்க்கின் வெப்பம், கடைசி லாங் டெஸ்ட் முடிவு எல்லாம் ஒரே செய்தியாக வரும். ஞாயிறு காபிக்குள் வரவில்லையென்றால் நானே போய்ப் பார்ப்பேன்.

வெப்பம் எங்கள் ஊரில் தனிப் பிரச்சினை. சித்திரை வெயிலில் மாடி அறையில் ஒரு டிஸ்க் 50 டிகிரியைத் தொட்டது, இரண்டையும் அடுத்தடுத்த தட்டில் வைத்திருந்ததுதான் காரணம். நடுவில் ஒரு தட்டு விட்டு, முன்பக்கம் 120 மிமீ ஃபேன் ஒன்று போட்டதும் நாற்பதுக்குள் அடங்கியது. கரண்டுக்கு, வீட்டு இன்வெர்ட்டரில் பின்பக்கம் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடில் வைத்தேன், சாதாரண மோடில் மாறுவதற்குள் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். முடிந்தவர்கள் யுஎஸ்பியில் பேசும் தனி யுபிஎஸ் வாங்குங்கள், பேட்டரி தீரும் முன் கணினியை அதுவே ஒழுங்காக அணைக்கும்.

மாதம் ஒரு தடவை செக் ஓட வேண்டும், டெபியனில் முதல் ஞாயிறு அதுவே தொடங்கிவிடும். இரண்டு டிஸ்க்கையும் முழுக்க வாசித்து ஒப்பிட்டுப் பார்க்கும். இது ஏன் அவசியம் என்றால், வருஷக்கணக்கில் யாரும் திறக்காத ஒரு படம் இருக்கும் செக்டார் கெட்டுக் கிடக்கலாம். மற்ற டிஸ்க் செத்து, ரீபில்ட் (மாற்று டிஸ்க்குக்கு நகலெடுப்பது) ஓடும் அன்றைக்குத்தான் அது தெரியவந்தால் அந்தப் படத்துக்கு வேறு நகல் இல்லை. ஒருமுறை செக் ஓடும்போது இரண்டாவது டிஸ்க்கின் 197 எட்டு என்று காட்டியது. எட்டு கெட்ட இடமா என்று பதற வேண்டாம், உள்ளே நிஜ செக்டார் 4096 பைட், வெளியே 512 பைட்டாகக் காட்டுவதால் ஒரு செக்டார் கெட்டால் எட்டு என்று எண்ணும் டிஸ்க்குகள் உண்டு. எம்டி என்ன செய்கிறது என்றால், வாசிக்க முடியாத இடத்துக்கு மற்ற டிஸ்க்கிலிருந்து நல்ல நகலை எடுத்து, இதே இடத்தில் திரும்ப எழுதுகிறது. எழுதியதும் 197 பூஜ்யமானது, 5 ஏறவில்லை. மிரர் தன்னைத் தானே சரிசெய்துகொண்டதை லாகில் வரிவரியாகப் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

செக் முடிந்ததும் மிஸ்மேட்ச் எண்ணையும் பாருங்கள். இரண்டும் பிழையில்லாமல் வாசிக்கப்பட்டு, ஆனால் வேறு வேறாக இருந்தால் எது சரி என்று எம்டிக்குத் தெரியாது, ரிப்பேர் என்று சொன்னால் ஒன்றை எடுத்து மற்றதில் எழுதிவிடும். அதற்காகப் படங்களுக்கும் ஆடியோவுக்கும் எஸ்ஹெச்ஏ256 (ஒரு வகைச் செக்சம்) பட்டியல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: கெட்ட செக்டாரை வாசிக்க அது நிமிஷக்கணக்கில் முயலும், கெர்னல் 30 நொடியில் பொறுமை இழந்து டிஸ்க்கையே தள்ளிவிடும். ஸ்மார்ட்சிடிஎல்லில் எஸ்சிடி இஆர்சி (டிஸ்க் எவ்வளவு நேரம் முயலலாம் என்கிற வரம்பு) அளவை 70 என்று, அதாவது 7 நொடி என்று வைக்க முடிந்தால் வையுங்கள். டிஸ்க் அதை ஏற்கவில்லையென்றால் கெர்னலின் காத்திருப்பை 180 நொடியாக ஏற்றுங்கள். பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் இது போட வேண்டும்.

பேக்கப் பற்றி ஒரே பத்தி. மிரர் பேக்கப் இல்லை. ஒரு கோப்பை அழித்தால் அந்த நொடியிலேயே இரண்டிலும் அழிகிறது, வைரஸ் பூட்டினால் இரண்டையும் பூட்டும், இடி விழுந்தால் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. என் வீட்டில் வெளி டிஸ்க் இரண்டு, போர்க் மென்பொருளில் எடுக்கிறேன், ஒன்று எப்போதும் தம்பி வீட்டில் இருக்கும், அவன் வரும்போது மாற்றிக்கொள்வோம்.

அந்த இரண்டாவது டிஸ்க் அடுத்த சில மாதத்தில் மறுபடி 197 காட்டியது, இந்தத் தடவை 5ம் சேர்ந்து ஏறியது. வாரண்டி இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதுசைப் போடுவதற்குப் பதில், புது டிஸ்க் ஒன்றை வாங்கி மூன்றாவது சாட்டா போர்ட்டில் மாட்டி, லாங் டெஸ்ட் முடித்து, ஸ்பேராக (காத்திருக்கும் மாற்று டிஸ்க்காக) சேர்த்து ரீப்ளேஸ் என்று சொன்னேன். ரீப்ளேஸில் பழைய டிஸ்க் வேலையில் இருக்கும்போதே நகல் ஓடும், நகல் முடிந்த பிறகுதான் பழையது விலகும், நடுவில் ஒரு நிமிஷம்கூட மிரர் ஒற்றைக்காலில் நிற்காது. டிஸ்க் முழுசாகச் சாகும்வரை காத்திருந்தால் இந்த வசதி கிடைக்காது. ராத்திரி முழுக்க ஓடி, விடியும்போது ஸ்பேர் ஆக்டிவ் என்று செய்தி வந்தது. டேப்பில் சீரியல் நம்பரை ஒப்பிட்டு பழையதைக் கழற்றி வாரண்டிக்கு அனுப்பினேன். பதிலுக்கு வந்த டிஸ்க்கை டெஸ்ட் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிரரில் சேர்க்காமல் சீரியல் நம்பர் ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த முறை ரிச்சி தெரு வரை போக வேண்டியதில்லை.